‘கெணறு’ பாட்டும் இருபத்தேழு ஸ்பீக்கர்களும்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஸ்பீக்கர் கம்பெனியில் இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் இன்ஜினீயர். நான் ஓய்வு பெறும்போது அவள் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மெஷின் பச்சை விளக்கு காட்டி அனுப்பிய பெரிய ஸ்பீக்கர்களில் சில வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்துவிட்டனவாம். பாட்டுப் போட்டால் கரகரக்கிறதாம். அதனால் பழையபடி மனிதக் காதாலும் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று மேலே முடிவு செய்திருக்கிறார்கள்.

“நீங்க என்ன பாட்டு போட்டுக் கேப்பீங்க சார்? பேஸ் நல்லா இருக்கற பாட்டா ஒரு பத்து எழுதி அனுப்புங்களேன்” என்றாள்.

பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள். எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. பூந்தமல்லியில் என் வீட்டு வாசலில் மெட்ரோ வேலைக்காக வருஷக்கணக்கில் தோண்டித் தள்ளியதில் பாதிக் காது போயிற்று. மீதிக் காதில் எந்நேரமும் ஒரு கொசு பாடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை இல்லை என்றும் சொன்னார். இந்த லட்சணத்தில் கேட்க வேண்டிய பாட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தாமதத்துக்குக் காது காரணமில்லை. அந்தப் பட்டியலில் ஒரு பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் அம்பத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு மூன்று பட்டறைகளில் கால் தேய்த்து, கடைசியில் திருமழிசை எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக்கு வந்தவன். முதலில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் வேலை. பக்கத்து மெஷினின் பேரிங் தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்துச் சொன்னேன் என்று என்னைக் கேட்பு அறைக்கு மாற்றினார்கள். என் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

கேட்பு அறை என்றால் எட்டடிக்கு எட்டடி. சுவரெல்லாம் தேங்காய் நார் மெத்தை, கதவுக்கு இரட்டைப் பலகை. ஆனால் ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறும் பிளைவுட். அதற்கு அந்தப் பக்கம் பேக்கிங் பிரிவு. அதையும் அடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கொடுப்போம், ஒவ்வொரு வருஷமும் பார்க்கலாம் என்பார்கள்.

வேலை இதுதான். ஸ்பீக்கரை மரப்பெட்டியின் ஓட்டையில் வைத்து நான்கு கிளாம்பால் இறுக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் காகிதக் கூம்பைச் சமமாக அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் செம்புக் காயில், காந்தத்தின் நடுவே எங்கும் படாமல் ஏறி இறங்க வேண்டும். நூலளவு சாய்ந்தாலும் ‘சர்’ என்று உரசும். அப்புறம் சிக்னல், அதாவது ஒரே சீரான ‘ஊ’ சத்தம், கொடுத்துக் கீழ்ச் சுரத்திலிருந்து மேலே ஏற்றிப் பார்ப்பது. கடைசியாகப் பாட்டு. சிக்னலில் தப்பித்துக்கொள்ளும் ஸ்பீக்கர் பாட்டில் மாட்டும். பாட்டில்தான் கூம்பு உண்மையாகவே முன்னும் பின்னும் போய் வரும்.

இதற்கு முதலில் சினிமாப் பாட்டுதான் போட்டுக்கொண்டிருந்தோம். நம் பாட்டில் ஓர் அங்குலம் காலியாக விடமாட்டார்கள். வயலின், புல்லாங்குழல், தபேலா, கோரஸ் என்று அடைத்து வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரின் கோளாறு அந்தக் கூட்டத்தில் புகுந்து ஒளிந்துகொள்ளும். அப்போதுதான் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கீழ்ச் சுரங்களுக்கென்றே செய்யும் பதினைந்து அங்குல பேஸ் ஸ்பீக்கர்கள். வாங்க வந்தவர் ஜமைக்காவில் பிறந்து லண்டனில் குடியேறியவர். தெருவிலும் மண்டபத்திலும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடுவதுதான் அவர்கள் குடும்பத் தொழில். நம் ஊர் மைக் செட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சினிமாப் பாட்டை மரியாதைக்கு ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இதற்குத் தாங்கினால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெகே என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன், அது ஜமைக்காக்காரர்களின் பாட்டு வகையாம். கேசட்டில் எழுத்து எதுவும் இல்லை. பாடுவது இங்கிலீஷாம், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம் புரிந்தது. இவர்கள் தாளத்தில் நாம் தட்டும் இடத்தை விட்டுவிட்டு, விட்ட இடத்தில் தட்டுகிறார்கள். நடுவில் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில் பேஸ் தனியாக, அவசரமில்லாமல் நடந்து வருகிறது. கோளாறு ஒளிய இடமே இல்லை. மூன்றாவது மாதம் டீ இடைவேளையிலும் அதையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெயர் தெரியாததால் பாட்டுகளுக்கு எங்கள் ஆட்களே பெயர் வைத்தார்கள். முதல் பாட்டு ‘தண்ணி லாரி’. குமணன்சாவடி ஜங்ஷனில் நிறைபாரத்தோடு தண்ணி லாரி திரும்பும்போது காலடியில் தரை அதிருமே, அப்படித் தொடங்கும். கூம்பு முழுத் தூரமும் போய் வருகிறதா என்று பார்க்க அதுதான். இரண்டாவது ‘கோடாலி’. கிட்டார் விறகு பிளப்பதுபோல் சக், சக் என்று விழும். மூன்றாவது ‘கல்யாணி அக்கா’. பேக்கிங் கல்யாணியின் குரல் அப்படியே அந்தப் பாடகிக்கு. சோதனைக்கு அவ்வளவாக உதவாது, ஆனால் கேட்டால் மனசு ஆறும். நான்காவது ‘ரயில் கேட்’, இது டான்ஸ்ஹால் என்ற இன்னொரு ஜமைக்கா பாட்டு வகை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மெஷின் டிரம், வேக வேகமாகப் பேச்சு, திடீரென்று எல்லாம் நின்று மறுபடி திறக்கும். தளர்ந்த ஒயர் கூம்பில் தட்டினால் இதில்தான் கேட்கும்.

ஐந்தாவது ‘கெணறு’. பாதிப் பாட்டில் பாடுபவனின் குரலைப் பிடுங்கிவிடுவார்கள். கிட்டாரும் போய்விடும். எதிரொலி மட்டும் கீழே கீழே விழும். அப்புறம் பேஸ் ஒரே ஒரு கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து விநாடி நிற்கும். அதைவிடக் கடினமான சோதனை ஒரு ஸ்பீக்கருக்குக் கிடையாது. பெயர் வைத்தது, ஸ்பீக்கருக்குள் காயிலைப் பொருத்தும் சென்டரிங் பிரிவில் இருந்த சரோஜா. எதிரொலி கிணற்றுக்குள் விழுவதுபோல் இருப்பதால் வைத்தாள் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை.

இனி வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரப் பிரிவுக்கு மேனேஜர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கேட்பு அறைக்குள் நுழையுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக் கைக்குட்டையால் மூடுவார், டிக் டிக் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று. நெடுஞ்சாலை பஸ்ஸில் வந்து இறங்கியவர் அரை மணி நேரம் எதையும் கேட்கக்கூடாது என்பது அவர் சட்டம். நான் ஒரு ஸ்பீக்கரைக் கழித்தால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“சந்தேகமா, நிச்சயமா?”

சந்தேகம் என்றால் மறுநாள் காலையில் முதல் வேலையாக மறுபடி கேட்க வேண்டும். நிச்சயம் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார். வேறு பேச்சு இல்லை.

அவர் வைத்த இன்னொரு வழக்கம் முக்கியமானது. காந்தத்துக்கு நடுவில் காயிலை நிறுத்துவதுதான் சென்டரிங். ஷிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றிலும் செருகி, காயிலை நடுவில் நிறுத்தி, பசை காய்ந்தபின் தகட்டை உருவ வேண்டும். காயுமுன் உருவினால் காயில் சாய்ந்துவிடும். யார் செய்தது என்று தெரிய, காந்தத்தின் முதுகில் அவரவர் எழுத்தை மார்க்கரால் எழுதுவார்கள். ஸ்பீக்கர் கேட்பு அறைக்கு வருமுன் அந்த எழுத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். கேட்டு முடித்து முடிவை எழுதிய பிறகுதான் டேப்பைப் பிய்க்கலாம். எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. காதுதானே கேட்கிறது, கண்ணுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் வரதராஜன் சார் மனைவியின் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். அதே நேரத்தில் லண்டன் ஆர்டரை அவசரப்படுத்தினார்கள். டேப் ஒட்டுகிற பெண்ணைப் பேக்கிங்குக்கு இழுத்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர்கள் எழுத்து தெரிய நேராக என் கைக்கு வந்தன. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் ஆனால் சரி.

முதல் நாள் ‘ச’ எழுத்துப் போட்ட இரண்டு ஸ்பீக்கர்கள் உண்மையாகவே உரசின. விரலால் அழுத்தும்போதே தெரிந்தது. கழித்தேன். மூன்றாவது ‘ச’ வந்தபோது விரலுக்கு எதுவும் தெரியவில்லை. சிக்னலிலும் இல்லை. ‘கெணறு’ போட்டேன். பேஸ் தனியாக நிற்கும் அந்த இடத்தில் லேசாக ஓர் உரசல். கழித்தேன். அதற்கடுத்த ‘ச’விலும் அதே இடத்தில் அதே உரசல். மூன்று நாளில் சரோஜாவின் வேலையில் இருபத்தேழைக் கழித்தேன். மற்றவர்களுடையது சுத்தமாகத்தான் கேட்டது.

சரோஜா கேட்பு அறை வாசலில் வந்து நின்றாள். தான் தகட்டை நேரத்துக்கு முன்னால் உருவவில்லை, வேண்டுமானால் பசை டப்பாவைப் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்றாள். அழவில்லை. நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காதில் கேட்டதைத்தானே எழுத முடியும் என்று சொன்னேன். ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தவள். அந்த மாதம்தான் நாலு பேரை நிரந்தரம் ஆக்கும் பட்டியல் போனது. அவள் பெயர் முதலில் இருந்தது. இருபத்தேழு கழிவுக்குப் பிறகு இல்லை. வரதராஜன் சார் இடத்தில் தற்காலிகமாக இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, உறுதிதானே என்று கேட்டார். வரதராஜன் சாரின் கேள்வி எனக்குப் பழக்கமாகியிருந்தது. நிச்சயம் என்றேன். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு நின்றுவிட்டாள்.

வரதராஜன் சார் திரும்பி வந்தார். கழிவுக் குவியலைப் பார்த்தார். இருபத்தேழையும், நான் பாஸ் செய்த மற்றவர்களின் இருபத்தேழையும் எடுத்து, தன் கையாலேயே டேப் ஒட்டி, கலந்து வைத்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “கேளுங்க தணிகாசலம்” என்றார். இரண்டு நாள் காலை வேளைகளில் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி பின்னால் நின்றார். உரசல் எல்லாவற்றிலும் கேட்டது. ஐம்பத்து நாலிலும். அதே பாட்டு, அதே இடம்.

அப்புறம் அவர் ஹெட்போனை எடுத்துத் தந்தார். கேசட்டை நேராக அதில் போட்டார். ஸ்பீக்கரே இல்லை, அப்போதும் உரசல் இருந்தது. அது பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. பேஸ் வாசித்தவனின் தந்தி கட்டையில் பட்டிருக்கும், யார் கண்டது. வருஷக்கணக்காக அந்தப் பாட்டைக் கேட்டதில் என் காது அந்த உரசலைத் தானாகவே கழித்துவிடப் பழகியிருந்தது. ‘ச’ என்ற எழுத்தைப் பார்த்த ஸ்பீக்கர்களில் மட்டும் கழிக்க மறுத்துவிட்டது. எழுத்து மறைந்து, எதையும் விடக்கூடாது என்று கேட்டபோது எல்லாவற்றிலும் கேட்டுவிட்டது. இருபத்தேழில் உண்மையான கோளாறு இரண்டே இரண்டுதான்.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம். முதல் இரண்டைக் கேட்டதால் வந்த வினை என்று சொல்லிவிடலாம், பலரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் பூர்வீக வீடு திருமழிசையில், ஊருக்குள். சரோஜாவின் வீடு அதே ஊர்க் காலனியில். அவள் அப்பா எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர், என் தாத்தா முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர். ஊருக்குள்ளிருந்து வேலைக்கு வந்த ‘மு’ எழுத்துக்கார முத்துலட்சுமியின் முதல் இரண்டு உரசியிருந்தால் மூன்றாவதை நான் எப்படிக் கேட்டிருப்பேன்? தெரியாது. இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. வாய் வரவில்லை.

வரதராஜன் சார் தலைமை அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதினார். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீங்களே போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க” என்றார். சரி சார் என்றேன். அடுத்த வருஷம், போனீர்களா என்று கேட்டார். இந்த வாரம் போகிறேன் என்றேன். அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் கழுத்துமாக நின்றபடி, போனீர்களா என்று மறுபடி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் கேட்க ஆள் இல்லை. சரோஜா வேலையிலிருந்து நின்று பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து திருமழிசைக்கு எத்தனை பஸ் போகிறது, ஒன்றில் ஏறி உட்கார எனக்குக் கால் வரவில்லை.

திவ்யாவுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்து, நான்கு பாட்டு எழுதி, ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சரோஜாவுக்கு இப்போது எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி கேன்டீனில் வேலையாம். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

“இன்னா சார், இம்மாந் தூரம். ஒக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

காபி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். கலந்து வைத்துக் கேட்டது, ஹெட்போன், இரண்டே இரண்டு, எல்லாம். எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். யாருடைய எழுத்து என்பதால்தான் அப்படிக் கேட்டதோ என்று எனக்குள் இருப்பதையும் சொன்னேன். நான் முடித்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஒரசல் பாட்டுல கீதுன்னு எனக்கு அப்பவே தெரியும் சார்.”

அவள் பேக்கிங்கில் இருந்தபோது பிளைவுட் சுவர் வழியாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்து, அப்படித்தானா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“அதுக்கும் முன்னாடி. மொத மொத கேசட்டு வந்து டீ டைம்ல போட்டீங்களே, அன்னிக்கே. கெணத்துல தண்ணி எறைக்க சொல்லோ கயிறு ராட்டினத்துல ஒரசும் பாருங்க, அந்த சத்தம் அதுல வந்துச்சு. அதான் கெணறுன்னு பேர் வெச்சேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

“சொன்னேனே சார். உங்க ரூம் வாசல்ல நின்னுகினு, பாட்டை ஒரு தபா தனியா கேளுங்கன்னு சொன்னேன். நீங்க குனிஞ்சிகினு எழுதிகினு இருந்தீங்க.”

எனக்கு அது நினைவில்லை. பசை டப்பா என்றது நினைவிருக்கிறது, கடிகாரம் என்றது நினைவிருக்கிறது, இது இல்லை. முப்பத்தோரு வருஷம் கேட்பதற்கென்று சம்பளம் வாங்கியவன் நான்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிரந்தரம் ஆகியிருந்தால் பாங்கில் கடன் கிடைத்திருக்கும், இந்தக் கூரையை மாற்றித் தளம் போட்டிருக்கலாம் என்று ஒருமுறை சொன்னாள். அதையும் வெயில் அதிகம் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாசல்வரை வந்து காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திவ்யா, நீ கேட்டது பத்து. என்னிடம் இருப்பது ஐந்து. பழைய கேசட்டிலிருந்து என் மாப்பிள்ளை போனில் ஏற்றித் தந்ததை அனுப்பியிருக்கிறேன். நிஜப் பெயர்களை நீயே தேடிக்கொள். வேலைக்காக மட்டும் கேட்காதே, சும்மாவும் ஒருமுறை கேள், அதற்குத் தகுதியான பாட்டுகள்தான். காந்தத்தின் முதுகில் இருக்கும் எழுத்தின்மேல் கட்டாயம் டேப் ஒட்டு. மெஷின் எழுத்தைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு விஷயத்தில் அது என்னைவிட யோக்கியன். பட்டியலைக் கேட்பு அறைச் சுவரில் ஒட்டும்போது கீழே இருக்கும் கடைசி வரியை வெட்டிவிடாதே.

ஐந்து: கெணறு. பேஸ் தனியாக நிற்கும் இடத்தில் வரும் உரசல் பாட்டிலேயே உள்ளது, ஸ்பீக்கரின் கோளாறு அல்ல. கண்டுபிடித்தவர்: சரோஜா, சென்டரிங் பிரிவு.